சிட்ரோனெல்லா புல்லை 3 ஏக்கரில் நடலாமா? எண்ணெய் வடிப்பதும் விற்பதும் எப்படி?

கேள்வி: கீழ்க்காட்டுக்காரன்

அனைவருக்கும் வணக்கம். சத்தியமங்கலத்திற்கு மேற்கே மலையடிவாரத்தில் எனக்கு 3 ஏக்கர் செம்மண் நிலம் உள்ளது. நிலத்தின் வடகோடியில் ஏறக்குறைய அரை ஏக்கருக்குச் சுக்கான்கல் தட்டுப்படும். ஓர் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. கோடையில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்திற்கு மேல் அதில் தண்ணீர் நிற்பதில்லை. மரவள்ளியும் நிலக்கடலையும் பயிரிட்டு வந்தோம். மூன்று ஆண்டுகளாகக் காட்டுப்பன்றிகள் கிழங்கையும் கடலையையும் விட்டுவைப்பதில்லை என்பதால், விலங்குகள் தின்னாத பயிர் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு நிறுவனத்தின் முகவர் வீட்டிற்கு வந்தார். வாசனை எண்ணெய் வடிக்கும் சிட்ரோனெல்லா புல்லை நட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு மறுநடவு தேவையில்லை என்றும், ஏக்கருக்கு ஆண்டுதோறும் 150 கிலோ எண்ணெய் கிடைக்கும் என்றும், ஏக்கருக்கு 25,000 நாற்றுகளை அவர்களிடமே வாங்கிக்கொண்டால் எண்ணெய் முழுவதையும் அவர்களே திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்றும் கூறினார். முன்பணம் கேட்கிறார். நான் இன்னும் கொடுக்கவில்லை.

இந்த மண்ணிலும் இந்தத் தண்ணீரிலும் இப்புல் வளருமா, அவர் சொன்ன கணக்கு நம்பத்தக்கதா, எண்ணெய் வடிக்கும் யூனிட்டை நானே அமைத்துக்கொள்ள வேண்டுமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். வீட்டில் கொசுவுக்கு இந்த எண்ணெயைப் பயன்படுத்தலாமா என்று என் மனைவியும் கேட்கச் சொன்னார்.

---

பதில்: பழைய வயல்

தம்பி, முன்பணம் கொடுக்காமல் இருந்தது நல்லதாயிற்று. முதலில் அந்த 150 கிலோவைப் பார்ப்போம். நன்றாகப் பராமரித்த தோட்டத்தில், முதலாண்டில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 100 கிலோவும், இரண்டாம் ஆண்டு முதல் 150 கிலோவிலிருந்து 200 கிலோ வரையும் எண்ணெய் எடுக்கலாம் என்பதே இப்பயிரைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அது ஹெக்டேர் கணக்கு. அதாவது இரண்டரை ஏக்கருக்கு உரியது. முகவர் ஹெக்டேரை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஏக்கர் என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். அறியாமையா, தெரிந்தே செய்ததா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு விளைவு ஒன்றுதான். ஏக்கருக்கு முதலாண்டில் 40 கிலோ, பிறகு 60 முதல் 80 கிலோ என்று வைத்துக்கொண்டு, உங்கள் தண்ணீர் நிலைக்கு அதிலும் சிறிது குறைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

நாற்றின் எண்ணிக்கையும் அப்படித்தான். இரண்டடிக்கு இரண்டடி, அதாவது 60 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 11,000 தூர்கள் போதும். மண் வளம் குறைவாக இருந்து 60-க்கு 45 செ.மீ. என்று நெருக்கி நட்டாலும் 15,000-ஐத் தாண்டாது. 25,000 என்பது நாற்று விற்பவருக்கு வேண்டிய எண்ணிக்கை.

நிலத்திற்கு வருகிறேன். நம் நாட்டில் பரவலாகப் பயிராவது ஜாவா வகை. அது வெப்பமும் ஈரமும் சேர்ந்த காற்றை விரும்பும். ஆண்டுக்கு 2,000 மி.மீ. அளவில் பரவலாக மழை பெறும் அசாம் போன்ற பகுதிகளில் அது மானாவாரியாகவே செழிக்கிறது. உங்கள் பக்கத்து மழை அதில் பாதியைக்கூட எட்டாது. ஆகவே, கோடையில் பத்துப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையாவது நனைக்காவிட்டால் தூர் சாகாது என்றாலும் இலை எழும்பாது; இலை எழும்பாவிட்டால் எண்ணெயும் இல்லை, ஏனெனில் எண்ணெய் பெரும்பாலும் இலைத்தாளில்தான் இருக்கிறது. உங்கள் கிணற்றை வைத்து 3 ஏக்கரையும் காப்பாற்ற முடியாது. சொட்டுநீர் போட்டால் ஓர் ஏக்கர் தாங்கும் என்பது என் மதிப்பீடு. தண்ணீர் தேங்கும் பள்ளத்தையும் தவிர்க்க வேண்டும், வேர் அழுகிவிடும்.

சுக்கான்கல் உள்ள வடகோடியில் நடவே வேண்டாம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இப்புல்லுக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் இளம் இலைகள் வெளிறி, கடைசியில் தாளே வெள்ளையாகிவிடும். என் தோட்டத்தில் ஒரு மூலையில் அப்படித்தான் ஆயிற்று. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளித்தேன். பச்சை திரும்பியது, ஆனால் ஒவ்வோர் அறுவடைக்குப் பிறகும் அதே வேலை. மூன்றாம் ஆண்டில் அந்த மூலையை விட்டுவிட்டேன்.

நாற்று வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாற்றுப் பண்ணைகளில் எலுமிச்சைப் புல்லையும் சிட்ரோனெல்லாவையும் குழப்பி விற்பது சாதாரணமாக நடக்கிறது. காமாட்சிப் புல் என்ற பெயரையும் ஒருவர் ஒன்றுக்குச் சொல்வார், மற்றவர் இன்னொன்றுக்குச் சொல்வார். பெயரை நம்பிப் பயனில்லை. தூரின் அடித்தண்டைப் பாருங்கள். சிட்ரோனெல்லாவில் அது செந்நிறமாக, சில சமயம் நாவற்பழச் சாயலுடன் இருக்கும். எலுமிச்சைப் புல்லில் வெளிர்பச்சையாகவோ வெண்மையாகவோ இருக்கும். இலையைக் கசக்கினால் எலுமிச்சைப் புல் தேநீரில் போடத் தோன்றும்படி மணக்கும்; சிட்ரோனெல்லாவில் அந்த எண்ணம் வராது, சோப்பு நெடி கலந்த காட்டமான மணம். தொட்டியில் வைத்துக் கொசுச்செடி என்று விற்கும் அகன்ற இலைச் செடி இரண்டுமே அல்ல, அது ஜெரேனியம் இனத்தைச் சேர்ந்தது.

ஜாவா வகை பெரும்பாலும் முளைக்கும் விதை தருவதில்லை என்பதால் தூரைப் பிரித்து நடுவதே வழி. ஒரு வயதுத் தூர் ஒன்றிலிருந்து நாற்பது ஐம்பது நாற்றுகள் பிரிக்கலாம். ஆகவே 300 நாற்றுகளை வாங்கி மூன்று சென்டில் நட்டு வையுங்கள். அடுத்த ஆண்டு ஓர் ஏக்கருக்கான நாற்று உங்கள் வீட்டிலேயே இருக்கும். பயிர் உங்கள் மண்ணை ஏற்றுக்கொண்டதா என்பதும் தெரிந்துவிடும். மத்திய மருந்து மற்றும் நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் லக்னோவில் இருந்தாலும், அதன் ஆராய்ச்சி மையம் ஒன்று பெங்களூருவில் இருக்கிறது. உங்களுக்கு அது ஒரு பகல் பயணம். பயோ 13, மஞ்சுஷா, மந்தாகினி போன்ற ரகங்கள் அந்த நிறுவனம் வெளியிட்டவை. ரகத்தின் பெயர் தெரியாத நாற்றை வாங்காதீர்கள்.

பன்றியைப் பற்றி ஒரு சொல். இப்புல்லை ஆடும் மாடும் கடிப்பதில்லை, பன்றியும் தின்பதில்லை. ஆனால் தொழு உரம் இட்டுப் புதிதாக நட்ட நிலத்தில் மண்புழுவுக்காகக் கிளறும்போது நாற்றும் சேர்ந்து பெயர்ந்துவிடும். வேர் பிடிக்கும் வரை முதல் இரண்டு மாதம் காவல் வேண்டும்.

---

பதில்: கொதிகலன்

ஏழு ஆண்டுகளாகச் சொந்த யூனிட்டில் எலுமிச்சைப் புல்லும் சிட்ரோனெல்லாவும் வடித்து வருகிறேன். பழைய வயல் ஐயா சொன்ன நடவுக் கணக்குடன் எனக்கு முழு உடன்பாடு. யூனிட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இப்பயிரில் விளைபொருள் புல் அன்று, எண்ணெய். புல்லை வண்டியில் ஏற்றி ஐம்பது கிலோமீட்டர் அனுப்பினால் வண்டி வாடகையே எண்ணெயின் விலையைத் தின்றுவிடும். எனவே வடிக்கும் இடம் அருகில் இருக்கிறதா என்பதை நாற்றுக்கு முன்பாகவே உறுதி செய்துகொள்ள வேண்டும். புல்லை அடைக்கும் புது எவர்சில்வர் டேங்க், நீராவி தரும் பாய்லர், அந்த ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சர் எல்லாம் சேர்ந்தால் சிறு தொகையன்று. ஓர் ஏக்கரில் ஒரு அறுவடைக்கு ஏறக்குறைய 2 டன் புல் வரும் என்று கொள்ளுங்கள். 500 கிலோ கொள்ளும் டேங்க்கில் அது நான்கு முறை ஏற்றுவதற்கு ஆகும். நீங்கள் 3 ஏக்கரிலுமே நட்டாலும் பன்னிரண்டு முறைதான். ஏற்றுவது, வடிப்பது, சக்கையை இறக்குவது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு மூன்று முறை ஓட்டினால் நான்கே நாளில் வேலை முடிந்துவிடும். ஆண்டுக்கு நான்கு அறுவடை என்றாலும் பதினாறு நாள் எரியும் அடுப்பு அது. மீதி நாளெல்லாம் அந்த முதலீடு கொட்டகையில் சும்மா நிற்கும். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு ஏக்கர் வைத்தால்தான் யூனிட்டுக்குப் பொருள் உண்டு.

அறுவடை, நட்டு ஆறு மாதம் கழித்து முதல் முறை, பிறகு இரண்டரை மூன்று மாதத்திற்கு ஒருமுறை. தரையை ஒட்டி அறுக்கக் கூடாது. ஒரு சாண் அளவு விட்டு, தாள் பகுதியை மட்டும் அறுக்க வேண்டும். அடித்தண்டில் எண்ணெய் மிகக் குறைவு, அதை டேங்க்கில் அடைத்தால் இடமும் விறகும் வீண், தூரும் நலியும். மழை விட்ட மறுநாள் அறுத்த புல்லில் எனக்கு எப்போதும் எண்ணெய் குறைவாகவே வந்திருக்கிறது. அறுத்த புல்லை ஒரு பகல் நிழலில் பரப்பி வாட விடலாம்; டேங்க்கில் கூடுதலாகக் கொள்ளும். ஆனால் குவித்து வைத்துவிடாதீர்கள். குவியலுக்குள் சூடேறி, மறுநாள் கையை விட்டால் சுடும். அந்தப் புல்லில் வடித்த எண்ணெயில் புளித்த வாடை தெரியும்.

நல்ல புல்லில் நூற்றுக்கு 1 பங்கு வரை எண்ணெய் இருக்கும் என்பார்கள். அதாவது டன்னுக்கு 10 கிலோ. ஆய்வகக் கண்ணாடிக் குடுவையில் அது வரும். என் டேங்க்கில் 7 கிலோ வந்தால் நல்ல நாள், 8 வந்தால் எல்லோருக்கும் தேநீர். நீராவியைத் திறந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே பெரும்பங்கு எண்ணெய் வந்துவிடும். அதன்பின் மூன்று மணி நேரம் வரை ஓட்டுவது மிச்சத்தைத் திரட்டுவதற்காக. அதற்கு மேல் எரிக்கும் விறகு அந்த எண்ணெயின் விலைக்குப் பெறாது. எண்ணெய் தண்ணீரைவிட எடை குறைந்தது, பிரிக்கும் கலத்தில் மேலே மிதக்கும். கண்டென்சரில் தண்ணீர் போதாமல் வடிநீர் சூடாக வந்தால் எண்ணெயில் ஒரு பகுதி காற்றில் போகும். அப்போது தோட்டம் முழுவதும் மணக்கும்; பார்க்க வந்தவர்கள் மெச்சுவார்கள், அத்தனையும் நம் பணம்.

விலை குறைவு என்று அடியில் நேரடியாகத் தீ மூட்டும் இரும்பு டிரம்மை வாங்குவோர் உண்டு. புல் அடியில் தீய்ந்தால் எண்ணெய் கருகல் வாடை பெறும். இரும்பு பட்டு நிறம் கருக்கும். அத்தகைய எண்ணெயை வாங்குபவர் மூக்கைச் சுளித்துக்கொண்டே பாதி விலை சொல்வார்.

சக்கையை எறிய வேண்டாம். இரண்டு நாள் வெயிலில் காய்ந்தால் அடுத்த முறைக்கு அதுவே விறகு. மிச்சத்தை வரிசைகளுக்கு இடையில் மூடாக்காகப் போட்டால் களையும் அடங்கும், உங்களைப் போன்ற தண்ணீர் குறைந்த இடத்தில் ஈரமும் நிற்கும்.

---

பதில்: தென்கரையான்

இலங்கையின் தென் மாகாணத்திலிருந்து எழுதுகிறேன். இந்தப் புல்லுக்கும் எங்கள் பகுதிக்கும் பழைய உறவு உண்டு. சிங்களத்தில் இதைப் பெங்கிரி என்பார்கள். மகா பெங்கிரி, லேனபட்டு என்று இரண்டு வகைகள். மகா பெங்கிரிதான் ஜாவாவுக்குப் போய் அங்கே பெருந்தோட்டப் பயிராகி, உலகச் சந்தைக்கு ஜாவா வகை என்ற பெயரில் திரும்பி வந்தது. அம்பாந்தோட்டை, மாத்தறைப் பக்கங்களில் நிலைத்தது லேனபட்டு. அது வறட்சியைத் தாங்கும், குறைந்த மண்ணிலும் வரும். ஆனால் அதன் எண்ணெயில், விலையைத் தீர்மானிக்கும் மணப்பொருளான சிட்ரோனெல்லால் குறைவு, ஆதலால் விலையும் குறைவு. சகோதரர், உங்களிடம் தண்ணீர் குறைவு என்பதைக் கேட்டு யாராவது இலங்கை வகையை நடச் சொன்னால், புல் பிழைக்கும் என்பதோடு சேர்த்து விலை எவ்வளவு இறங்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கலப்படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் அதுதான் எங்கள் எண்ணெயின் பெயரைக் கெடுத்தது. முற்காலத்தில் வியாபாரிகள் மண்ணெண்ணெயைக் கலந்து பீப்பாய்களை அனுப்பிவந்தார்கள். அதைக் கண்டுபிடிக்க ஜெர்மனியின் ஷிம்மல் நிறுவனத்தார் ஓர் எளிய சோதனையை வகுத்தார்கள். ஒரு பங்கு எண்ணெயைப் பத்துப் பங்கு 80 விழுக்காட்டுச் சாராயத்தில் கலந்து குலுக்கினால் தெளிவாகக் கரைய வேண்டும். மண்ணெண்ணெய் இருந்தால் கலங்கித் துளிகள் பிரியும். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்தச் சோதனை தாங்கும் அளவு எவ்வளவு என்று பார்த்து, அந்த அளவுக்கு மட்டும் கலக்கக் கற்றுக்கொண்டார்கள். அதனால் சோதனையையும் இறுக்க வேண்டியதாயிற்று. என் வாப்பாவின் தகப்பனார் புல் வடித்தவர். நல்ல எண்ணெய்க்கும் கலந்த எண்ணெய்க்கும் வியாபாரி ஒரே விலை கொடுத்ததால்தான் வடிப்பதையே விட்டேன் என்று சொல்வாராம்.

---

பதில்: சோப்புக்கடை

வாங்குபவர் பக்கத்திலிருந்து சில செய்திகள். நான் சிறிய அளவில் சோப்பும் தரை துடைக்கும் திரவமும் தயாரிக்கிறேன். ஆண்டுக்குச் சில டிரம் சிட்ரோனெல்லா எண்ணெய் வாங்குகிறேன்.

நாங்கள் மணத்தை முகர்ந்து மட்டும் விலை சொல்வதில்லை. எண்ணெயில் எந்தப் பொருள் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கேஸ் குரோமடோகிராபி அறிக்கையில் சிட்ரோனெல்லால், ஜெரானியால், சிட்ரோனெல்லால் என்று ஒலிக்கும் இன்னொரு ஆல்கஹால் (ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்து வேறுபாடு, தமிழில் அதுவும் இல்லை) ஆகியவற்றின் பங்கைப் பார்க்கிறோம். ஜாவா வகையில் முதலில் சொன்னது நூற்றுக்கு 35 அளவிலாவது இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். எண்ணெயை வெயிலிலும் பாதி நிரம்பிய கேனிலும் வைத்தால் அந்தச் சிட்ரோனெல்லால்தான் முதலில் காற்றுப் பட்டுக் கெடும். அலுமினியம் அல்லது எவர்சில்வர் கேனில், கழுத்து வரை நிரப்பி, ஈரம் துளியும் இல்லாமல் நிழலில் வையுங்கள். சாதாரண பிளாஸ்டிக் கேனில் கொண்டுவந்தால் நான் வாங்குவதில்லை.

விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று பலரும் கேட்பார்கள். முகவர் சொல்லும் நிலையான விலையை நம்ப வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். இந்தோனேசியாவிலும் சீனாவிலும் விளைச்சல் எப்படி என்பதே இங்குள்ள விலையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. அதோடு, சிட்ரோனெல்லாலைப் புல்லிலிருந்து மட்டுமல்ல, பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டும் ஆலையில் தயாரிக்கிறார்கள். ஜப்பானிய வேதியியலாளர் ரியோஜி நொயோரிக்கு 2001-இல் நோபல் பரிசு கிடைத்ததற்குக் காரணமான வினையூக்கி முறைகளின் பெரும்பயன்களில் ஒன்று அதுவே. அந்தச் சிட்ரோனெல்லாலிலிருந்து மெந்தால் செய்கிறார்கள். புல்லின் விலை ஓர் அளவுக்கு மேல் ஏறினால் பெரிய வாடிக்கையாளர்கள் ஆலைச் சரக்கின் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

இனி உங்கள் மனைவியின் கேள்வி. கொசுவை இந்த எண்ணெய் விரட்டும் என்பது உண்மை. அமெரிக்காவில் 1948-லேயே பூச்சி விரட்டியாகப் பதிவு பெற்றது. ஆனால் விரைவில் ஆவியாகிவிடும். தோலில் பூசினால் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம், அதற்குள் மீண்டும் பூச வேண்டும். டெங்கு உள்ள ஊரில் இதை மட்டும் நம்பிக் கொசுவலையைக் கழற்றிவிடாதீர்கள். வாசலில் புல்லை நட்டு வைத்தால் கொசு வராது என்பதும் சரியன்று; கசக்காத இலையிலிருந்து எண்ணெய் வெளிவருவதில்லை. பூசுவதானால் 100 மில்லி தேங்காய் எண்ணெயில் 5 மில்லிக்கு மேல் கலக்காமல், முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பூச வேண்டும். நேரடியாகத் தோலில் விடக் கூடாது. கைக்குழந்தைகளுக்கு வேண்டாம்; வீட்டில் பூனை இருந்தால் அது நக்கும் இடத்தில் வைக்கக் கூடாது.

தரை துடைக்க இது மிக நன்று. எண்ணெயை நேராக வாளித் தண்ணீரில் விட்டால் மேலே மிதந்து ஓரிடத்தில் திட்டாகப் படியும். முதலில் திரவ சோப்பில் நன்றாகக் கலந்து, பிறகு தண்ணீரில் விட வேண்டும். எண்ணெய் பிரித்த வடிநீரிலும் மணம் தங்கியிருக்கும், அதை அப்படியே துடைக்கப் பயன்படுத்தலாம்.

---

கீழ்க்காட்டுக்காரன்

அனைவருக்கும் நன்றி. முகவரிடம் ஹெக்டேரா ஏக்கரா என்று தொலைபேசியில் கேட்டேன். மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறினார். பத்து நாளாயிற்று, அழைப்பு இல்லை. பழைய வயல் ஐயா சொன்னபடி மூன்று சென்டில் 300 நாற்று நட முடிவு செய்திருக்கிறேன். கிணற்றை ஒட்டிய தென்பக்கம் அதற்காக ஒதுக்கியிருக்கிறது. ஒரே ஒரு ஐயம்: மூன்று சென்டில் வரும் புல்லை எந்த யூனிட்டும் ஏற்காதே, அதன் எண்ணெய் அளவை எப்படிப் பார்ப்பது?

---

கொதிகலன்

முதல் அறுவடையில் ஐம்பது அறுபது கிலோ புல் வரலாம். அதிலிருந்து இரண்டு கிலோ தாளை மட்டும் எடை போட்டு, பொடியாக நறுக்கி, கண்ணாடி வடிகலம் உள்ள ஏதேனும் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் கேட்டுப் பாருங்கள். மூன்று மணி நேர வேலை. 16 கிராமுக்குக் குறையாமல் வந்தால் ரகம் சரியானது, மண்ணும் ஏற்றுக்கொண்டது என்று கொள்ளலாம். அதே எண்ணெயில் சில மில்லியைப் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் நிரப்பி, சோப்புக்கடை சொன்ன கேஸ் குரோமடோகிராபி அறிக்கைக்கு அனுப்புங்கள். மழைக்காலத்தில் ஒருமுறையும் மாசி, பங்குனியில் ஒருமுறையும் என இரண்டு முறை பாருங்கள், ஒரே தூரில் இரண்டு அளவு வரும். மீதிப் புல்லை மாட்டுத் தொழுவத்தில் பரப்பிவிடுங்கள். மாடு மிதித்துக் கசங்கும்போது ஈ மொய்ப்பது குறையும்.